துரைசானியின் சாயல்

மாதேஸ்வரன் கொல்லிமலைக்கு வந்தது கதவுக்கும் ஜன்னலுக்கும் பச்சை பெயிண்ட் அடிக்க, சுவருக்குச் சுண்ணாம்பு பூச. கூலியை வாங்கிக்கொண்டு புளியஞ்சோலை வழியாக இறங்கித் துறையூர் போய்ச் சேர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டால் கால் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவன் கால் ஒட்டிக்கொண்டது காப்பி எஸ்டேட் பங்களாவின் நடுக் கூடத்தில், ஒரு படத்துக்கு முன்னால்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. மலைக்கு ரோடு கிடையாது. பங்களாவைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை, எஸ்டேட்டைச் சேலத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார். பியானோவைக்கூடப் பிரித்து ஆள் வைத்து இறக்கியவர், படத்தை மட்டும் ஏனோ ஆணியிலேயே விட்டுப் போனார்.

படத்தில் இருந்தவள் இருநூறு வருஷத்துக்கு முந்திய பிரெஞ்சு தேசத்துச் சீமாட்டி என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அர்த்தனாரி சொன்னார். தோட்டத்து ஆட்களுக்கு அவள் துரைசானி. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது, ஆனால் தலை முழுக்க வெள்ளை. நரை இல்லையாம், மாவு போட்டுக்கொள்வார்களாம். தலையில் மாவைக் கொட்டிக்கொள்கிற ஜனங்கள் எப்படித்தான் ஊரை ஆண்டார்களோ. கழுத்தில் நீல ரிப்பன், ரோஜா நிறப் பட்டு, முழங்கையில் நுரை நுரையாக லேஸ். முகத்தைத் தன் வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவள் போல் உட்கார்ந்திருந்தாள். அந்த வகைப் படத்துக்கு ரொகோகோ பாணி என்று பேர் இருப்பதெல்லாம் மாதேஸ்வரனுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது, பேரைக் கரைத்து வர்ணம் குழைக்க முடியுமா?

அதைப் பார்த்து எழுதிப் பழகியே தீருவது என்று இறங்கினான். மாவுச் சாக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரப் பசையும் சீமைச் சுண்ணாம்பும் பூசிக் காய வைத்தான். கதவுக்கு வாங்கிய ஆளிவிதை எண்ணெயில் காவியும் சிந்தூரமும் நீலமும் குழைத்தான். முதல் படத்தில் வந்து உட்கார்ந்தது மாரியம்மன். அதுவரை அவன் எழுதியதெல்லாம் கோயில் வாசலில் சாமி உருவங்கள்தான்: நேர் முகம், மீன் கண், சுற்றிலும் கறுப்புக் கோடு. துரைசானிக்கு மாவு பூசி, ரிப்பன் கட்டி, ரோஜாப் பட்டு உடுத்தியும் மாரியம்மன் மாரியம்மனாகவே முறைத்தாள். ரைட்டர் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கிண்டல் அவனுக்கு ரொம்ப நாள் சுட்டது.

அப்புறம் ஏணியைப் போட்டு, படத்தில் மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தான். அவள் முகத்தில் கோடே இல்லை. மூக்குக்கு விளிம்பு கிடையாது, வெளிச்சம் முடிகிற இடந்தான் மூக்கு. கன்னத்துச் சிவப்புக்கு அடியில் பச்சை கலந்த சாம்பல் நிறம் படுத்திருந்தது. நிழல் கறுப்பில்லை, நீலமும் காவியும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அணில் மயிர்த் தூரிகையால் தடவித் தடவி, கெடுத்து, சுரண்டி, மறுபடி எழுதினான். பங்களாவில் ஓயாமல் ஏதாவது வேலை இருந்ததால் ரைட்டரும் அவனைத் துரத்தவில்லை. ஒரு காப்பிப் பழப் பருவம் முடிவதற்குள் துரைசானி அவன் கைக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் போக மாட்டேன் என்றதுதான் தொல்லை. பழம் பறிக்கிற பெண்களை உட்கார வைத்து எழுதினான். எல்லாரும் துரைசானி ஆனார்கள். அதே திருப்பல், அதே உப்பிய கன்னம், அதே சின்ன வாய். ரைட்டரை எழுதினான், அவருக்கும் கன்னத்தில் ரோஜா பூத்தது. ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு வேறு முகம் வராமல் போய்விட்டது. இதை நினைத்து நினைத்து அவன் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நாளில்தான் பழனிமுத்து வந்தான்.

பழனிமுத்து மலைமேலேயே எடப்புளி நாடு என்கிற பகுதியைச் சேர்ந்த குடியானவன். தினையும் மரவள்ளியும் போடுகிறவன், அப்பன் இல்லாத வீட்டுக்கு அவனே தலை. அவன் தங்கை சென்னம்மாள் எஸ்டேட்டில் பழம் பறித்தவள். அவளைப் பைல் நாட்டில் ஒரு வீட்டுக்குக் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணைப் பழனிமுத்துவுக்கு எடுப்பது என்று பேச்சு முடிந்திருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தத்தில் ஒரு பக்கம் கை விட்டால் மறுபக்கமும் கை விட்டுவிடும். பாக்கு மாற்றுவதற்கு முன் சென்னம்மாள், பங்களாவுக்குத் தளம் போட வந்த கொத்தனார் மாணிக்கத்தோடு மலையிறங்கிப் போய்விட்டாள். மாணிக்கம் மாதேஸ்வரனின் ஊர்க்காரன், கூட வந்தவன். அவர்கள் போர்த்திக்கொண்டு போன கம்பளிகூட மாதேஸ்வரனுடையது. முசிறிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் ஆள் எடுக்கிறார்கள், போய்க் கேள் என்று வழி சொன்னவனும் அவன்தான்.

பழனிமுத்து கூடத்து வாசலில் நின்று, இடுப்புக் கொடுவாளை எடுத்துப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். மரியாதைதான். ஆனால் வைத்த கொடுவாளின் வாய் புதிதாகத் தீட்டப்பட்டுப் பளபளத்தது.

"ஏனுங்க பெயிண்டரே, மூஞ்சி எழுதுவீங்களாமா?"

"துரைசானியப் பாத்துப் பழகறனுங்க. அவ்வளவுதான்."

"என்ற தங்கச்சிய எழுதோணும். அவ போட்டோ ஒண்ணும் கெடயாது. துறையூர் பஸ் ஸ்டாண்டு, நாமக்கல் லாரி செட்டு, முசிறி, எல்லாப் பக்கமும் கொண்டுபோய்க் காட்டோணும். பேரச் சொல்லிக் கேட்டா எவன் சொல்றான். மூஞ்சியக் காட்டினாச் சொல்லுவான்."

முசிறி என்று காதில் விழுந்ததும் மாதேஸ்வரன் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தான். "கண்டுபுடிச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பழனிமுத்து படியைத் திரும்பிப் பார்த்தான். "அதப் படிலதான் வெச்சிருக்கறேன்" என்றான். குரல் உயரவே இல்லை. "அந்தக் கொத்தன் உங்க ஊருக்காரன்தானுங்களே. நீங்க எழுத மாட்டேன்னு சொன்னா, ஏன் மாட்டேங்கறீங்கன்னு நான் ஒக்காந்து யோசிக்க வேண்டியதாப் போயிரும்."

மாதேஸ்வரன் எழுதுவதாகச் சொன்னான். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலையிலேயே பழனிமுத்து வந்து ஸ்டூலைப் போட்டு அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். சென்னம்மாளின் முகம் மாதேஸ்வரனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அகன்ற நெற்றி, குட்டையான மூக்கு, தாடையில் மச்சம். வலது புருவத்தின் வால் நுனியில், சின்ன வயதில் களைக்கொத்து பட்ட தழும்பு. அந்தத் தழும்பு ஒன்று போதும், சூளையில் அவளோடு கல் சுமக்கிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் கையைக் காட்டிவிடுவார்கள். ஆகவே வேண்டுமென்றே மூக்கை நீட்டி எழுதினான்.

"மூக்கு அவளுது இல்லீங்க. குட்ட மூக்கு" என்றது பின்னாலிருந்து குரல்.

திருத்தினான். நெற்றியைக் குறுக்கினான்.

"நெத்தி அகலமுங்க."

திருத்தினான். மச்சத்தை மறந்தவன் போல் விட்டான்.

"மச்சம்."

மச்சத்தை வைத்தான். இப்போது குரலில் சலிப்பு இருந்தது. "ஏனுங்க, தெரியாமத்தான் தப்புத் தப்பா எழுதறீங்களா?" என்றான் பழனிமுத்து.

 மாதேஸ்வரன் தூரிகையைத் துணியில் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டான். பொய்யாக எழுதினால் இவன் விடப் போவதில்லை, மெய்யாக எழுதினால் அவள் தலை போய்விடும். அவன் யோசித்துக்கொண்டே கன்னத்தில் வர்ணத்தை வைத்தான். பழக்க தோஷம், கை தன் பாட்டுக்குப் பச்சைச் சாம்பலை அடியில் தடவி மேலே ரோஜாச் சிவப்பை ஏற்றியது. கன்னம் உப்பியது. ஐயோ, துரைசானி வருகிறாளே என்று பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான்.

பழனிமுத்து கன்னத்தைக் கவனிக்கவே இல்லை. அவன் மச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மாதேஸ்வரனுக்கு உறைத்தது. சந்தையில் மாடு பார்க்கிறவன் பல், கொம்பு, சுழி என்று தனித்தனியாகப் பார்ப்பது போல் இவன் தங்கையின் முகத்தை உறுப்பு உறுப்பாகச் சரிபார்க்கிறான். உறுப்பு எல்லாவற்றையும் அவன் கேட்டபடியே கொடுத்துவிடலாம். வெளிச்சமும் சதையும் நிறமும் திருப்பலும் துரைசானியுடையதாக இருக்கட்டும். தங்கை என்று தெரிந்து பார்க்கிறவனுக்குத் தங்கை தெரிவாள். பஸ் ஸ்டாண்டில் சும்மா பார்க்கிறவன் ஏதோ பெரிய வீட்டுச் சிவத்த பெண் என்று நினைத்துக்கொண்டு போவான். இத்தனை நாள் எந்தக் குறைக்காக வெட்கப்பட்டானோ அதை இழுத்துப் போட்டு வேலை வாங்கினான். மூக்குக் குட்டைதான், ஆனால் துரைசானி வெளிச்சத்தில். வாய் சென்னம்மாளின் அகலந்தான், ஆனால் ஓரத்தில் சிரிக்கலாமா வேண்டாமா என்ற யோசனை. முகத்தை அவள் வலப்பக்கமாகத் திருப்பி வைத்தான். தழும்பு உள்ள புருவ நுனி படத்தின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் பழனிமுத்து ஸ்டூலை விட்டு எழுந்து கிட்டே வந்தான். "தழும்பு எங்கீங்க?"

"அது அந்தப் பக்கம் போயிருச்சுங்க. தெரியாது."

"நேரா எழுதுங்க. தெரியட்டும்."

"சாமிக்குத்தானுங்க நேர் மொகம். மனுசருக்கு எழுதினா இப்படித் திருப்பித்தான் எழுதோணும். அதான் மொற." பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் அவனுக்கே பயமாக இருந்தது. பழனிமுத்துவைத் துரைசானி படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். "இவளப் பாருங்க. அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு தெரியுதுங்களா?"

பழனிமுத்து எட்டி எட்டிப் பார்த்தான். பக்கவாட்டில் போய்ச் சட்டத்துக்குப் பின்னால்கூடக் கண்ணை விட்டான். துரை வீட்டுப் படமே இப்படி என்றால் இவன் என்ன செய்வான்? திரும்பி வந்து தங்கையின் படத்தின் முன்னால் நின்றான். "இத்தன செவப்பா அவ?" என்றான்.

"எண்ண வர்ணமுங்க. காயக் காய மங்கிரும்."

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். தங்கை இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தவன் போல் அவன் முகம் ஒரு கணம் இளகியது. அந்த இளக்கத்தைப் பார்த்தபோது மாதேஸ்வரனுக்கு அவன் மேல் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் அவன், "நாளைக்கு ஆத்தாளக் கூட்டியாறேன். பெத்தவ பாத்துச் சொல்லட்டும், அப்பறம் எடுத்துட்டுப் போறேன்" என்றான். பாவமெல்லாம் பறந்துவிட்டது.

அன்று முழுக்க மாதேஸ்வரனுக்கு அதே யோசனைதான். அண்ணனை ஏமாற்றலாம். பெற்றவளை எப்படி ஏமாற்றுவது?

மறுநாள் வந்த ஆத்தாள் இருசாயி ஒல்லியான, உயரமான பெண். மகனுக்குப் பின்னால் வந்து, படத்துக்கு முன்னால் நின்றாள். வெயில் கூடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. முதலில் நெற்றியைப் பார்த்தாள். அப்புறம் தழும்பு இருக்க வேண்டிய பக்கத்துக்குக் கண் போயிற்று, அங்கேயே நின்றது. அப்புறம் மாதேஸ்வரனைப் பார்த்தாள். படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவனைத்தான் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், படியில் இருப்பது கைக்கு வந்துவிடும்.

"என்ன ஆத்தா, சொல்லு" என்றான் பழனிமுத்து.

"சென்னாளேதான்" என்றாள் இருசாயி. "உரிச்சு வெச்சாப்புல இருக்கறா."

படத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பழனிமுத்து அன்றைக்கே மலையிறங்கினான். திரும்பி வர வெகு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் நாய் குரைத்தாலும் மாதேஸ்வரன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பான். ஓடிப்போயிருக்கலாம். ஓடினால் அதுவே சாட்சி ஆகிவிடும் என்று இருந்தான். ஒருநாள் மத்தியானம் பழனிமுத்து கறுத்து மெலிந்து பங்களாவுக்கு வந்து தண்ணீர் கேட்டான்.

"ஊரு ஊராக் காட்டிட்டனுங்க. ஒருத்தருக்கும் தெரியல. முசிறில ஒரு செங்கச் சூளை மொதலாளி நல்ல மனுசன், ஆளுங்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாரு. இப்பேர்ப்பட்ட பொண்ணு இங்க எதுக்கு வாரான்னு சிரிக்கறாங்க."

மாதேஸ்வரன் சொம்பை நீட்டினான்.  சென்னம்மாளும் மாணிக்கமும் அந்நேரம் சூளையை விட்டு வேறெங்கோ போயிருக்க வேண்டும். அந்த ஆட்களோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

"விட மாட்டனுங்க" என்றான் பழனிமுத்து. "தினை அறுத்ததும் சேலத்துப் பக்கம் போறேன்."

அதற்குப் பிறகுதான் ஒரு காலையில் இருசாயி தனியாக வந்தாள். மாதேஸ்வரன் பங்களாவின் சமையல்கட்டில் புகை பிடித்த சுவரைச் சுரண்டி, சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தான். அவள் உள்ளே வந்து, வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சாமி, அவ நல்லா இருக்கறாளா?"

தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "நல்லா இருக்கறாங்கம்மா. அவன் நல்லவன்."

"எங்கன்னு சொல்லிராத. தெரிஞ்சா எங்காலு நிக்காது, பொறப்பட்டுப் போயிரும். அவன் எம்பின்னாலயே வந்துருவான்." அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். "அந்தப் படத்த ஊட்டுல மாட்டி வெச்சிருக்கறான். தெனம் அதத்தான் பாக்கறேன். நீ செஞ்சது சரிதான் சாமி, நான் குத்தஞ் சொல்லல. ஆனாப் பாத்துப் பாத்து எனக்கு அவ மூஞ்சியே மறந்து போவுது. கண்ண மூடினா அந்த வெள்ளக்காரிதான் வாரா. பத்து மாசம் சுமந்து பெத்தவளுக்கு மவ மூஞ்சி மறந்தா நான் எங்க போறது?"

இப்படி ஒன்று ஆகும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.  தன் கைக்கு நேர்ந்ததை அவன் இவள் கண்ணுக்கும் ஏற்படுத்திவிட்டான்.

"ஒரு தடவ அவள எழுதிக் காட்டு. பாத்துட்டு அழிச்சர்லாம்" என்றாள்.

அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்தான். சுரண்டிய சுவரில், தன் தோள் உயரத்தில், நெற்றியைத் தொடங்கினான். கை உடனே வலப்பக்கம் திருப்பப் பார்த்தது. நிறுத்தினான். நேராக, கோயில் சாமியைப் போல நேராக வைத்தான். கன்னத்தில் துரைசானி எட்டிப் பார்த்தாள். துடைத்தான். காப்பிக் களத்தில் கூடையை இறக்கிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற சென்னம்மாளை நினைத்தான். ஒட்டிய கன்னம், வெயிலில் உலர்ந்த உதடு. ஒவ்வொரு கோட்டுக்கும் துரைசானியோடு மல்லுக்கு நின்றான். வாய் வந்தது. மச்சம் வந்தது. கடைசியில் வலது புருவத்தின் நுனியில் கரியால் வெட்டினாற்போல் ஒரு கீற்று இழுத்தான்.

"சென்னா" என்றாள் இருசாயி, ஆள் எதிரில் வந்து நிற்பது போல்.

மாதேஸ்வரன் பின்வாங்கிப் பார்த்தான். துரைசானி எங்கேயும் இல்லை. அவன் வாழ்நாளில் எழுதிய முதல் மனுஷ முகம் அதுதான், அதற்காகச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"ஆத்தா" என்று தோட்டத்துப் பக்கமிருந்து பழனிமுத்துவின் குரல் கேட்டது. "ஆத்தா, இங்கயா இருக்கற?"

மாதேஸ்வரன் வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கினான். சுவரை நோக்கித் தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. அவனால் முடியவில்லை. இருசாயி மட்டையை அவன் கையிலிருந்து வாங்கினாள். மகளை அவள் இன்னும் கண்ணாரப் பார்க்கவில்லை. நெற்றியில் ஆரம்பித்துத் தாடை வரைக்கும் அவளே அடித்தாள்.

ஆனால் சுண்ணாம்பு ஈரத்தில் எதையும் மறைக்காது. காய்ந்தால்தான் வெளுக்கும். வெள்ளைக்கு அடியிலிருந்து சென்னம்மாள், தழும்பும் மச்சமுமாக, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. இருசாயி மட்டையைக் கீழே போட்டாள், திரும்பினாள், முதுகைச் சுவரில் அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

"இங்க என்ன பண்ற?" என்றான் பழனிமுத்து, நிலைப்படியில் நின்று.

"ஊட்டு அடுப்புக்குப் பூச மிச்சச் சுண்ணாம்பு கேக்க வந்தேன். கால் வலிக்குது, சாஞ்சுக்கிட்டேன்."

"குடுத்தாரா?"

"இன்னும் முடியலையாம். நாளைக்கு வரச் சொல்றாரு."

அவன் சமையல்கட்டை ஒரு சுற்றுப் பார்த்தான். சுண்ணாம்பு வாளி, கீழே கிடந்த மட்டை, மாதேஸ்வரனின் கரி படிந்த விரல்கள். விரலில் கொஞ்ச நேரம் கண் நின்றது. மாதேஸ்வரன் அசையாமல் நின்றான்.

"செவுத்தச் சுரண்டினீங்களாக்கும்" என்றான் பழனிமுத்து. "வா ஆத்தா, வெயில் ஏறுது. தினையக் குருவி திங்குது." சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

இருசாயி முதுகை மெதுவாகச் சுவரிலிருந்து எடுத்தாள். சுவரில் முகம் இல்லை, கலங்கிய வெள்ளைத் தீற்றல்தான் இருந்தது. முகம் அவள் முதுகுக்கு வந்துவிட்டிருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை புடவையில் கரியும் சுண்ணாம்பும் அப்பிக்கிடந்தன. இன்னது என்று சொல்ல முடியாத கறுப்பும் வெள்ளையும், ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. மாதேஸ்வரன் வாயைத் திறந்தான். எப்படிச் சொல்வது? வாசலிலிருந்து மகன் திரும்பிப் பார்த்துவிடுவானே.

காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பழனிமுத்து முன்னால் போனான், அவள் பின்னால் போனாள். முதுகில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம், அவள் போர்த்திக்கொள்ளவில்லை. பாதை வளைகிற இடம் வரைக்கும் மாதேஸ்வரன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றான். பழனிமுத்து ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.